கறிக்கோழித் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக்கும் அதற்கான மாற்றும்

மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய்க்கிருமிகளை எதிர்கொள்வதற்கென மாநில அளவில் ஒரு செயல் திட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக வகுத்த மாநிலம் கேரளம். மைய அரசு 2017-ஆம் ஆண்டில் தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. அதையடுத்து 2018 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் கேரளத்தின் திட்டம் உருப்பெற்றது. மனிதர்களுக்கான மருத்துவம், கால்நடை மருத்துவம், மீன் வளம், வேளாண்மை, சுற்றுச்சூழல் ஆகிய துறைகளை இத்திட்டம் ஒன்றாக இணைத்தது. மருத்துவரின் சீட்டு இன்றி ஆன்டிபயாட்டிக் மருந்துகளை விற்பதைத் தடுக்க, 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்னும் நடவடிக்கையை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொடங்கியது. கால்நடைகளுக்கான மருந்து விற்பனையின் மீதும் அதே ஆண்டில் சோதனைகள் நடத்தப்பட்டன.

மருந்துக் கடையில் ஏற்படும் கட்டுப்பாடு இம்முயற்சியின் ஒரு பாதியே ஆகும். மறு பாதி கோழிப் பண்ணையில் இருக்கிறது. கேரள மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் புலால் உண்பவர்கள். அங்கு விற்பனையாகும் கறிக்கோழிகளில் பெரும் பங்கு பல்லடம், கோவை, நாமக்கல் பகுதிகளிலிருந்து எல்லை கடந்து வருகிறது. இக்கோழிகளின் தீவனத்தில் நோய் இல்லாத நாட்களிலும் சிறு அளவில் ஆன்டிபயாட்டிக் சேர்க்கப்படுமானால், மருந்துக் கடைகளில் செய்யப்படும் சீர்திருத்தத்தின் பயன் குறைந்துவிடும். தீவனத்தில் உள்ள மருந்துக்கு மாற்றாக 'புரோபயாட்டிக்' எனப்படும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களைப் பயன்படுத்தலாம் என்ற கருத்து இப்பின்னணியில் முக்கியத்துவம் பெறுகிறது. இம்மாற்று எந்த அளவுக்குப் பயன் தரும், அதன் செலவு யாரைச் சாரும் என்பவை ஆராயத்தக்கவை.

மருந்து தீவனமான வரலாறு

1940-களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக் கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்னும் இரு அறிஞர்கள் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி-12 தரக்கூடிய மலிவான பொருளைத் தேடி வந்தனர். ஆரியோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்தபின் எஞ்சிய கழிவைத் தின்ற குஞ்சுகள், வைட்டமினால் மட்டும் விளக்க முடியாத வேகத்தில் வளர்ந்தன. அந்த வளர்ச்சிக்குக் காரணம் கழிவில் தங்கியிருந்த மருந்தே எனப் பின்னர் தெளிவாயிற்று. 1950-இல் இச்செய்தி வெளியானதும், மருந்து கலந்த தீவனம் உலகெங்கும் பரவியது.

நோயைக் குணப்படுத்தத் தேவைப்படும் அளவைவிடப் பன்மடங்கு குறைந்த அளவே இவ்வாறு தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. குடலில் கோழியோடு போட்டியிட்டு ஊட்டச்சத்தை உண்ணும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை குறைவதும், குடற்சுவரில் ஏற்படும் அழற்சி தணிவதும் வளர்ச்சிக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. கிளாஸ்டிரிடியம் என்னும் கிருமியால் உண்டாகும் குடல் புண் நோயும் இதனால் அடங்கியிருந்தது. நெருக்கமான கொட்டகைகளில் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒருங்கே வளர்க்கும் முறை பெருகியதற்கு இது ஒரு துணையாக அமைந்தது. காற்றோட்டக் குறைவு, ஈரமான கூளம், தரமற்ற குடிநீர் ஆகிய குறைகளின் விளைவுகளை மருந்து மறைத்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எதிர்ப்பாற்றல் வளரும் விதம்

குறைந்த அளவு மருந்து நெடுநாள் தரப்படும்போது, அதனைத் தாங்கக்கூடிய கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. தாங்கும் தன்மையைத் தரும் மரபுக்கூறுகளை ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் வழங்க வல்லது. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்னும் அறிவியலறிஞர் ஒரு பண்ணையில் நடத்தி 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் உண்ட கோழிகளின் குடலில் ஒரு வாரத்திற்குள்ளாகவே அம்மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் மேலோங்கின. ஐந்தாறு மாதங்களில், மருந்து எதையும் உட்கொள்ளாத பண்ணைக் குடும்பத்தினரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் பெருகியிருந்தன.

இறைச்சியில் தங்கும் மருந்தின் எச்சமும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் வேறுவேறான இரு சிக்கல்கள். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்னும் புதுதில்லி நிறுவனம் தலைநகர்ப் பகுதியில் 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்து, அவற்றுள் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்ததாக 2014-இல் அறிவித்தது. எச்சத்தைக் குறைக்க, விற்பனைக்குச் சில நாட்கள் முன்னதாக மருந்தை நிறுத்தினால் போதும். ஆனால் அதற்கு முன்பே உருவாகிவிட்ட கிருமிகள் அவ்வாறு மறைவதில்லை. நன்கு வேகவைத்த இறைச்சியில் அவை அழிந்துவிடும். எனினும் கோழி எருவின் வழியாக வயலுக்கும், கழிவுநீரின் வழியாக ஓடைகளுக்கும், பண்ணைத் தொழிலாளர், இறைச்சி வெட்டுவோர் ஆகியோரின் கைகளின் வழியாகப் பிறருக்கும் அவை சென்றடைகின்றன.

இதன் விலை சிறிதன்று. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக 2022-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. இவ்வுயிரிழப்பு முழுவதற்கும் கோழிப் பண்ணை காரணமன்று. மனித மருத்துவத்தில் நிகழும் தவறான பயன்பாட்டுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆயினும் கோலிஸ்டின் என்னும் மருந்தின் நிலை ஓர் எச்சரிக்கையாகும். வேறு எம்மருந்தும் பயன் தராத நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இறுதியாகக் கையாளப்படும் இம்மருந்து, பல நாடுகளில் கோழிக்கும் பன்றிக்கும் வளர்ச்சிக்காகத் தரப்பட்டு வந்தது. இம்மருந்தைத் தாங்கும் மரபுக்கூறு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என 2015-இல் சீனாவில் கண்டறியப்பட்டது. இந்திய அரசு 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்திற்கும் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது.

நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்

தாய்க்கோழியின் அடையில் பொரிக்கும் குஞ்சு, தாயின் எச்சத்தையும் தரையையும் கொத்தும்போதே முதிர்ந்த கோழியின் குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பெற்றுவிடுகிறது. பொரிப்பகத்தின் இயந்திரத்தில் பிறக்கும் குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வெறுமையாக உள்ள அதன் குடலில், முதலில் வந்து சேரும் கிருமி நல்லதாயினும் தீயதாயினும் எளிதில் குடியேறிவிடும்.

பின்லாந்தில் 1971-இல் கறிக்கோழிகளிடையே சால்மொனெல்லா கிருமி பரவியபோது இவ்வுண்மை ஆராயப்பட்டது. வளர்ந்த கோழியின் குடலிலிருந்து எடுத்த பொருளைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கு ஊட்டினால் அவை சால்மொனெல்லாவைத் தடுத்து நிற்கின்றன என்பதை நுர்மி, ரன்டாலா ஆகிய இருவரும் 1973-இல் வெளியிட்டனர். இடம் முன்னரே நிரம்பியிருந்தால் புதிதாக வரும் கிருமிக்கு இடமில்லை என்பதே இதன் அடிப்படை. போதிய அளவில் தரப்படும்போது அதனைப் பெறும் உயிருக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக் என, உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் அமைத்த வல்லுநர் குழு 2001-இல் வரையறுத்தது. 'உயிருள்ள', 'போதிய அளவில்' என்னும் இரு சொற்களும் கருத்தூன்றத் தக்கவை.

லாக்டோபாசில்லஸ், பாசில்லஸ், என்டரோகாக்கஸ் இனங்களைச் சேர்ந்த சில பாக்டீரியாக்களும், ரொட்டி தயாரிப்பில் பயன்படும் ஈஸ்டும் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றுள் சில லாக்டிக் அமிலத்தை உண்டாக்கித் தீய கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. சில செரிமானத்திற்கு உதவும் நொதிகளைச் சுரக்கின்றன. குடற்சுவரின் காப்பாற்றலை வளர்ப்பவையும் உண்டு. குச்சித் தீவனம் தயாரிக்கப்படும்போது தீவனம் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கப்படுவதால் லாக்டோபாசில்லஸ் பெரும்பாலும் அழிந்துவிடும். பாசில்லஸ் இனம் தடித்த உறையுடைய வித்துகளாக மாறி வெப்பத்தைத் தாங்க வல்லது. ஆகவே ஆலைத் தீவனத்தில் பாசில்லஸும், குஞ்சுப் பருவத்தில் குடிநீர் வழியாக லாக்டோபாசில்லஸும் தருவது பொருத்தமான முறையாகும்.

எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு பயனைக் காட்டவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். நுண்ணுயிரின் வகை, அளவு, கோழியின் வயது, பண்ணையின் தூய்மை ஆகியவற்றுக்கேற்பப் பயன் மாறுபடுகிறது. ஒரு பண்ணையில் நல்ல பலன் தந்த பொடி மற்றொரு பண்ணையில் பலன் தராமற் போகலாம்.

பிற நாடுகளின் அனுபவம்

வளர்ச்சிக்காக மருந்து தருவதைப் பிரிட்டனின் ஸ்வான் குழு 1969-லேயே கண்டித்தது. மனிதருக்குத் தேவையான மருந்துகளைக் கால்நடைகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது என்பது அதன் பரிந்துரை. சுவீடன் 1986-இல் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. சீனாவும் 2020-இல் இத்தகைய மருந்துகளைத் தீவனத்திலிருந்து விலக்கியது.

பொருளாதார நோக்கில் டென்மார்க்கின் அனுபவம் மிகவும் பயனுள்ளது. அந்நாட்டுக் கறிக்கோழிப் பண்ணையாளர் 1998-இல் தாமாகவே வளர்ச்சி மருந்துகளைக் கைவிட்டனர். உலக சுகாதார நிறுவனம் அமைத்த வல்லுநர் குழு அதன் விளைவுகளை ஆராய்ந்து 2003-இல் அறிக்கை தந்தது. கோழிகளின் இறப்பு விகிதம் உயரவில்லை, உற்பத்தியும் குறையவில்லை. ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் தீவனம் மட்டும் 0.016 கிலோ அளவுக்கு உயர்ந்தது. மருந்து வாங்காததால் மிஞ்சிய தொகை இவ்வுயர்வைப் பெரும்பாலும் ஈடு செய்தது. கறிக்கோழிகளில் காணப்பட்ட, வான்கோமைசினுக்குக் கட்டுப்படாத ஒருவகைக் கிருமியின் பங்கு 1995-இல் 70 சதவீதத்திற்கும் மேலாக இருந்தது. அது 2000-இல் 6 சதவீத அளவுக்குச் சரிந்தது. டென்மார்க்கின் குளிர்ந்த தட்பவெப்பமும் உயர்ந்த பண்ணைத் தரமும் நமக்கு அப்படியே பொருந்தா. எனினும் மருந்தைக் கைவிட்டால் தொழிலே நலிந்துவிடும் என்ற அச்சம் மிகையானது என்பதை இப்புள்ளிவிவரங்கள் உணர்த்துகின்றன.

செலவும் வரவும்

ஒரு கணக்கின் மூலம் இதனை விளக்கலாம். ஆயிரம் கோழிகள் தலா 2 கிலோ எடை வரை வளர்க்கப்படுவதாகவும், ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் தேவைப்படுவதாகவும், தீவனத்தின் விலை கிலோவுக்கு 40 ரூபாய் எனவும் கொள்வோம். மொத்தத் தீவனம் 3,200 கிலோ. அதன் மதிப்பு 1,28,000 ரூபாய். டென்மார்க்கில் ஏற்பட்ட அதே அளவு இழப்பு இங்கும் ஏற்பட்டால் 32 கிலோ தீவனம் கூடுதலாகச் செலவாகும். அதன் மதிப்பு 1,280 ரூபாய். அதாவது கோழி ஒன்றுக்கு 1 ரூபாய் 28 காசு.

ஒரு டன் தீவனத்திற்கு அரைக் கிலோ புரோபயாட்டிக் சேர்க்கப்படுவதாகவும், அதன் விலை கிலோவுக்கு 400 ரூபாய் எனவும் கொண்டால், இந்த ஆயிரம் கோழிகளுக்கு ஆகும் செலவு 640 ரூபாய். 16 கிலோ தீவனம் மிச்சப்பட்டாலே இச்செலவு ஈடாகிவிடும். மற்றொரு வகையிலும் இதனை நோக்க வேண்டும். விற்பனைக்குத் தயாரான நிலையில் ஆயிரத்தில் பத்துக் கோழிகள் இறந்தால், அவை அதுவரை தின்ற தீவனத்தின் மதிப்பு மட்டுமே 1,280 ரூபாய் ஆகும். ஒரு சதவீத இறப்பு, வளர்ச்சி மருந்தைக் கைவிடுவதால் நேரும் இழப்புக்குச் சமமாகிறது. எனவே இறப்பைக் குறைக்கும் பண்ணைப் பராமரிப்பு, எப்பொடியையும்விட மிகுந்த ஆதாயம் தரும் முதலீடாகும்.

முடிவு செய்பவர் யார்?

தென்னிந்தியக் கறிக்கோழி வளர்ப்பில் பெரும் பகுதி ஒப்பந்த முறையில் நடைபெறுகிறது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் வழங்கும். கொட்டகை, உழைப்பு, மின்சாரம், நீர், கூளம் ஆகியவை விவசாயியின் பொறுப்பு. ஏறத்தாழ ஆறு வாரங்களில் கோழிகளை நிறுவனமே எடுத்துக்கொண்டு, எடைக்கேற்ப வளர்ப்புக் கூலி தருகிறது. தீவனச் செலவும் இறப்பும் உயர்ந்தால் கூலி குறையும்.

தீவனத்தில் என்ன கலக்கப்படுகிறது என்பதை விவசாயி தீர்மானிப்பதில்லை. பல நேரங்களில் அவர் அதனை அறிவதும் இல்லை. ஆயினும் தீவன மாற்றத்தால் வளர்ச்சி சிறிது குறைந்தால் அந்த இழப்பு அவருடைய கூலியில் பிரதிபலிக்கும். மருந்தற்ற தீவனத்துக்கு மாறும்போது, கூலியைக் கணக்கிடும் அடிப்படை அளவுகளும் திருத்தப்பட வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் பொதுநலச் சீர்திருத்தத்தின் சுமை மிகச் சிறிய பங்காளியின் மீது விழும். அவரும் வெளியில் மருந்து வாங்கிக் குடிநீரில் கலக்கத் தூண்டப்படுவார்.

இவ்வகையில் கேரளத்துக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. குடும்பஸ்ரீ இயக்கம், கால்நடை பராமரிப்புத் துறை, திருவனந்தபுரம் பேட்டையில் இயங்கும் கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம் ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் 2017-இல் 'கேரள சிக்கன்' திட்டம் உருவாயிற்று. குடும்பஸ்ரீ உறுப்பினர்களான பெண்கள் ஆயிரம் கோழிகள் முதல் வளர்க்கிறார்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் அவர்களுக்கு வழங்கப்படுகின்றன. வளர்ந்த கோழிகள் திரும்பப் பெறப்பட்டுத் திட்டத்தின் கடைகளில் விற்கப்படுகின்றன. தீவனம் ஒரே இடத்திலிருந்து கொள்முதல் செய்யப்படுவதால், அதன் தரத்தையும் கலவையையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே வரையறுக்க முடியும். நூற்றுக்கணக்கான சிறு பண்ணைகளைத் தனித்தனியே கண்காணிப்பதைவிட இது எளிது, செலவும் குறைவு.

பண்ணையில் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஆண்டின் பெரும் பகுதியில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் ஆழ்கூளம் எளிதில் நனைந்து கட்டியாகிறது. அதனால் அம்மோனியா வாயு பெருகுகிறது. இரத்தக் கழிச்சல் நோயும், அதைத் தொடர்ந்து குடல் புண் நோயும் தோன்றுகின்றன. இந்நிலையில் தீவனத்தில் எந்த நுண்ணுயிரைச் சேர்த்தாலும் பயன் சொற்பமே. கூளத்தை நாள்தோறும் கிளறிவிடுதல், நனைந்த பகுதியை உடனே அகற்றுதல், நீர்க்குழாய்க் கசிவை அடைத்தல், சாரல் உட்புகாதவாறு திரையிட்டும் காற்றோட்டம் குன்றாமல் காத்தல் ஆகியவை முதற்கடமைகள்.

புரோபயாட்டிக் பயன்படுத்துவோர் சில விதிகளையும் பின்பற்ற வேண்டும்:

1. பொரித்த முதல் நாளிலிருந்தே தருதல் வேண்டும். தீய கிருமிகள் குடியேறிய பின் தருவதால் பயன் குறையும்.

2. குளோரின் கலந்த குடிநீரில் இதனைச் சேர்க்கக் கூடாது. கிருமிகளைக் கொல்லும் குளோரின் நல்ல நுண்ணுயிரையும் கொன்றுவிடும்.

3. ஆன்டிபயாட்டிக் சிகிச்சை நடைபெறும்போது உடன் தருவது வீண். சிகிச்சை முடிந்தபின் குடலைச் சீராக்கத் தரலாம்.

4. வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். காலாவதியான பொடியில் உயிருள்ள நுண்ணுயிர் போதிய அளவில் இராது.

5. தடுப்பூசி அட்டவணையைத் தவறவிடலாகாது. புரோபயாட்டிக் தடுப்பூசிக்கு மாற்றன்று.

நோயுற்ற கோழிகளுக்குச் சிகிச்சையே கூடாது என்பது இதன் பொருளன்று. கால்நடை மருத்துவர் நோயைக் கண்டறிந்து, உரிய மருந்தை, உரிய அளவில், உரிய நாட்களுக்குத் தருவது தேவையானதே. 2012-இல் திருத்தப்பட்ட மருந்து விதிகளின்படி, மருந்தை நிறுத்திய பின் காத்திருக்க வேண்டிய காலம் லேபிளில் குறிக்கப்பட வேண்டும். அக்காலம் ஆய்வால் உறுதி செய்யப்படாத மருந்துக்கு, கோழி இறைச்சியைப் பொறுத்தவரை அது 28 நாட்களுக்குக் குறையலாகாது. ஆறு வாரமே வாழும் கறிக்கோழிக்கு இவ்விதி மிகக் கடுமையானது. நோய் வருமுன் காப்பதே இலாபகரமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தரமும் கண்காணிப்பும்

புரோபயாட்டிக் என்ற பெயரில் விற்கப்படும் ஒவ்வொரு பொடியும் தரமானது எனக் கொள்வதற்கில்லை. நுண்ணுயிரின் இனம், ஒரு கிராமில் உள்ள உயிருள்ள எண்ணிக்கை, காலாவதி நாள் ஆகியவை பையின் மீது அச்சிடப்பட வேண்டும். அவை மாதிரிச் சோதனையாலும் உறுதி செய்யப்பட வேண்டும். மருந்தைத் தாங்கும் மரபுக்கூறு அந்த நுண்ணுயிரிலேயே இருந்துவிடக் கூடாது என்பது மிக முக்கியம். குறிப்பாக என்டரோகாக்கஸ் இனத்தில் இவ்வாய்ப்பு உண்டு. எச்சிக்கலைத் தீர்க்க ஒரு பொருளைக் கொண்டுவருகிறோமோ, அப்பொருளே அச்சிக்கலைப் பெருக்கிவிடலாகாது.

இதற்கான வசதிகள் திருவனந்தபுரத்துக்கு அருகிலேயே உள்ளன. பாலோட்டில் மாநிலக் கால்நடை நோய் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. பாப்பனங்கோட்டில் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் தேசிய ஆய்வுக் கூடம் ஒன்று அமைந்துள்ளது. குடப்பனக்குன்றில் கோழிப் பண்ணையும் கால்நடை வளர்ப்போருக்கான பயிற்சி மையமும் உள்ளன. சோதனை, ஆராய்ச்சி, பயிற்சி என்னும் மூன்றையும் இணைத்து, இந்த ஈரமான தட்பவெப்பத்தில் எந்த நுண்ணுயிர் எந்த அளவில் பயன் தருகிறது என்பதைப் பண்ணைகளிலேயே ஆராய்ந்து முடிவுகளை வெளியிடுவது பயனளிக்கும்.

ஒரு மாநிலம் தனித்து இதனைச் சாதிக்க இயலாது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 12 கோடிக்கும் மேற்பட்ட கோழியினப் பறவைகள் இருந்தன. கேரளத்தில் ஏறத்தாழ 3 கோடி. பல்லடத்துத் தீவன ஆலையில் எடுக்கப்படும் முடிவு திருவனந்தபுரத்துச் சமையலறையை எட்டுகிறது. ஆகவே தீவனப் பையில் சேர்மானங்கள் முழுவதையும் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்குதல், இரு மாநிலங்களின் கால்நடைத் துறைகளும் சோதனை முடிவுகளைப் பகிர்ந்துகொள்ளுதல், மருந்தற்ற தீவனத்தில் வளர்க்கும் விவசாயிக்கு உரிய கூலியை ஒப்பந்தத்தில் உறுதி செய்தல் ஆகிய மூன்றும் உடனடித் தேவைகள்.

புரோபயாட்டிக் ஒரு நல்ல துணை. தூய்மையான கொட்டகை, உலர்ந்த கூளம், நல்ல குடிநீர், காலத்தில் போடப்படும் தடுப்பூசி ஆகியவற்றோடு சேரும்போது அது மருந்தின் இடத்தை நிரப்ப வல்லது. மனிதரின் உயிர் காக்கவேண்டிய மருந்துகளைக் கோழியின் எடையைச் சில கிராம் கூட்டுவதற்காகச் செலவிடுவது எந்தக் கணக்கிலும் இலாபம் ஆகாது.